ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது: ஒரு ஹார்ட் டிஸ்க்கின் மூன்று நோய்கள்

"தம்பி, டிஸ்க் செத்துப்போச்சா, இல்ல நடிக்குதான்னே தெரியல. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

ஸ்டுடியோ அண்ணன் கூப்பிட்டது தை மாதத்தில். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அவர் ஓடிக்கொண்டிருந்த நேரம். போனில் கேட்டதற்கு, "செருகினா சில நேரம் வருது, சில நேரம் வரல. வந்தாலும் வீடியோ காப்பி பண்றப்ப பாதியில நிக்குது" என்றார். கூடவே ஒரு குத்து: "ஆல்பம் போடுற பையனோட விண்டோஸ் லேப்டாப்புல ஒரு தடவகூட தகராறு பண்ணல. உங்க லினக்ஸ்லதான்."

'உங்க' லினக்ஸ். இரண்டு வருடத்துக்கு முன் அதைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் பென் டிரைவோடு ஒரு வைரஸையும் கொண்டுவர, மாதம் ஒரு முறை விண்டோஸை அழித்துப் போட்டுச் சலித்துப்போய், உபுண்டு 22.04 என்ற லினக்ஸுக்கு மாற்றியிருந்தோம். படத்துக்கு டார்க்டேபிள், வீடியோவுக்குக் கேடன்லைவ். அவருக்கும் பழகிவிட்டது. ஆக இந்த வழக்கில் நானும் ஒரு குற்றவாளி. எந்த அளவுக்கு என்பது பின்னால் வருகிறது.

சாதனம் இதுதான்: பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய 2 டி.பி., இரண்டரை இஞ்ச் ஹார்ட் டிஸ்க். அதைக் கடையில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் கேஸுக்குள் போட்டிருந்தார். தனி பவர் அடாப்டர் கிடையாது, கேபிள் வழியாக வரும் மின்சாரம்தான். லேப்டாப் பையனுக்கும் படிக்க வேண்டும் என்பதால் விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். ஃபார்மட்.

போனதும் முதலில் கேட்டது பழுதைப் பற்றி அல்ல. "இதுல இருக்கிறது வேற எங்கயாவது இருக்கா அண்ணே?" இரண்டு கல்யாணம் இதில் மட்டும்தான் இருந்தது. கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்கே பயன்படுத்திவிட்டார். எனவே அன்றைக்கு எந்தச் சோதனையும் செய்யவில்லை. டிஸ்க்கைச் சரிபார்த்துத் திருத்தும் எந்தக் கருவியையும் ஓட்டவில்லை. காரணம் தெரியாமல் அவற்றை ஓட்டினால், பாதியில் இணைப்பு அறுந்துபோகும் டிஸ்க்கில் அவை எழுதத் தொடங்கும். இருப்பதும் போகும். எந்த லேப்டாப்பில் தகராறு இல்லையோ அதையே வரவழைத்து, அந்த இரண்டு கல்யாணத்தையும் அதன் உள் டிஸ்க்குக்கு இழுத்தோம். மொத்தம் 280 ஜி.பி. அது யு.எஸ்.பி. 2.0 போர்ட் மட்டுமே உள்ள பழைய லேப்டாப். நொடிக்கு 30 எம்.பி. அளவில் நகர்ந்து, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு முறைகூடத் தடங்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை.

மறுநாள் காலை நான் செய்தது ஒரு முட்டாள்தனம். போன வாரம் கணினி அப்டேட் ஆகி புதுக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்திருந்தது என்று அவர் சொன்னதும், அதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்து ஏற்றி, டிஸ்க்கைச் செருகினேன். வந்தது. பிடுங்கி மறுபடி செருகினேன். வந்தது. "கெர்னல்தான் அண்ணே" என்று சொல்லி, டீ குடித்து, வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் போன்.

எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. பத்து முறை செருகி எடுத்தேன். மூன்று முறை டிஸ்க் தலைகாட்டவே இல்லை. வந்த ஏழில் நான்கு முறை, பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது நின்றது. பத்துக்கு மூன்று வராது என்றால், ஒரு முறை வர வாய்ப்பு 0.7. அடுத்தடுத்து இரண்டு முறை வர 0.49. அதாவது எதையுமே சரிசெய்யாமல் இரண்டு முறை செருகிப் பார்த்தால், 'குணமாகிவிட்டது' என்று தோன்ற ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் காலையில் கண்டுபிடித்தது இதைத்தான். அடுத்தடுத்து பத்து முறை வந்தால் அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க 100-க்கு 3 தான் வாய்ப்பு. அன்றிலிருந்து இந்த வழக்கில் பத்துக்குக் குறைந்த எந்தச் சோதனையையும் நான் நம்பவில்லை.

அடுத்தது கெர்னல் எழுதும் பதிவேடு. அதைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைத் தொடர்ந்து ஓடவிட்டு, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு செருக வேண்டும். பிறகு படித்துக்கொள்ளலாம் என்று விட்டால், எந்த வரி எந்தச் செருகலுக்கு உரியது என்பது குழம்பிவிடும். 'டிஸ்க் தெரியல' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது கணினிக்கு ஒரே சம்பவம் அல்ல. முதலில் டிஸ்க்குக்கு மின்சாரம் போய் அது சுழல வேண்டும். பிறகு கேஸில் உள்ள சின்னச் சில்லு, யு.எஸ்.பி. வழியாகத் தன் பெயர், ஊரைச் சொல்ல வேண்டும். அப்புறம் கெர்னல் அதற்கு ஒரு டிரைவரைக் கட்டி, எஸ்.டி.பி. போல ஒரு பெயர் கொடுக்க வேண்டும். கடைசியில் அதில் உள்ள பிரிவு மவுண்ட் ஆக வேண்டும், அதாவது திறந்து படிக்கும்படி கணினியோடு இணைய வேண்டும். இதில் எங்கே தடுக்கினாலும், ஃபைல் மேலாளர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு விடை ஒன்றுதான்: தெரியல.

வராத மூன்று முறையும் பதிவேட்டில் ஒரே கூச்சல். சாதனத்தின் விவரக் குறிப்பைப் படிக்க முடியவில்லை, பிழை -71. மறுபடி முயற்சி, மறுபடி -71. ஒரு முறை -110. கடைசியில், இந்த யு.எஸ்.பி. சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்ற வரி. லினக்ஸில் -71 என்றால் பேச்சுமுறைப் பிழை: எதிர்முனை ஏதோ சொன்னது, ஆனால் பாஷை உடைந்து வந்தது. -110 என்றால் காத்திருந்து காத்திருந்து பதிலே வரவில்லை. இரண்டும் டிஸ்க்கில் உள்ள ஃபைல்களைப் பற்றிய புகாரே அல்ல, ஃபார்மட்டைப் பற்றியதும் அல்ல. பெயரைக் கேட்கும் இடத்திலேயே பேச்சு அறுந்துவிட்டது. இடையில் கெர்னல் இன்னொரு வரியும் எழுதியிருந்தது. போர்ட்டை இயக்க முடியவில்லை, ஒருவேளை கேபிள் கெட்டிருக்குமோ என்று. கெர்னல் ஊகம் சொல்வது அபூர்வம். சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு மீட்டர் நீளம். கேஸ் பக்கம் அந்த அகலமான மைக்ரோ-பி முனை, லேசாக ஆட்டினால் ஆடும். ஆட்டிவிட்டு, செருகியிருக்கும் யு.எஸ்.பி. சாதனங்களைப் பட்டியலிடும் எல்.எஸ்.யு.எஸ்.பி. கட்டளையை மரவடிவில் கேட்டால், ஒரு நேரம் 5000 எம் என்கிறது, ஒரு நேரம் 480 எம் என்கிறது. முதலாவது யு.எஸ்.பி. 3.0-இன் வேகம், இரண்டாவது 2.0-இன் வேகம். இந்தக் கேபிளில் பழைய 2.0-க்கான கம்பிகளும் 3.0-க்கான கூடுதல் கம்பிகளும் தனித்தனி. புதியவற்றில் தொடர்பு விட்டால் பழையதற்கு இறங்கிவிடும். ஆட்ட ஆட்ட வேகம் மாறுகிறது என்றால் முனை தளர்ந்துவிட்டது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஆனால் தளர்ந்த முனை மட்டும் அல்ல. உறையின் மேல் பொடி எழுத்தில் '28 ஏ.டபிள்யூ.ஜி.' என்று அச்சிட்டிருந்தது. கண்ணாடி போட்டால்தான் தெரியும். அது உள்ளே இருக்கும் செம்புக் கம்பியின் தடிமன். எண் கூடினால் கம்பி மெலிவு. 28 எண் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆக ஒரு மீட்டர் கேபிளில் இரண்டு மீட்டர் கம்பி, 0.43 ஓம். யு.எஸ்.பி. 3.0 போர்ட் ஒரு சாதனத்துக்குத் தர ஒப்புக்கொள்வது 900 மில்லி ஆம்பியர் (2.0 என்றால் 500 தான்). அத்தனையும் இழுத்தால் கேபிளிலேயே 0.38 வோல்ட் தொலைந்துவிடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பசி அதிகம் எடுப்பது தட்டுகள் சுழலத் தொடங்கும் ஓரிரு நொடிகளில்.

போர்ட்டில் செருகும் சின்ன யு.எஸ்.பி. மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. இதுபோன்ற வேலைக்கு வாங்கிய பொருள்களிலேயே உருப்படியானது அதுதான். அண்ணன் எப்போதும் செருகுவது கேபினட்டின் முன்பக்கப் போர்ட்டில், குனிய வேண்டாம் என்பதால். முன்பக்கப் போர்ட் மதர்போர்டில் நேரடியாக இருப்பதில்லை. கேபினட்டுக்குள் ஒரு ஒல்லிக் கேபிள் ஓடி வருகிறது. டிஸ்க் சுழலத் தொடங்கும்போது முன்பக்கத்தில் மீட்டர் 4.71 வோல்ட்டுக்கு இறங்கியது. பின்பக்கம், மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டில், 4.98. முன்பக்க 4.71-இல் இருந்து கேபிள் தின்னும் 0.38-ஐக் கழித்தால் டிஸ்க்குக்குப் போய்ச் சேருவது 4.33. ஐந்து வோல்ட் ஹார்ட் டிஸ்க்குகள் பொதுவாக 5 சதவீத ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்கும், அதாவது 4.75 வரை. பாவம், அது சுழன்றதே பெரிது.

30 செ.மீ. நீளத்தில் 24 எண் கம்பி போட்ட கேபிள் வாங்கிப் பின்பக்கப் போர்ட்டில் செருகினேன். தடிமன் கூடி நீளம் குறைந்ததில் கேபிள் தின்பது 0.05 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. பத்து முறை செருகினேன். பத்தும் வந்தது, பத்தும் 5000 எம். இரண்டு யு.எஸ்.பி. முனை கொண்ட ஒய் கேபிள் வாங்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். யு.எஸ்.பி. விதிமுறையில் அப்படி ஒரு கேபிளே கிடையாது. போர்ட்டில் மின்சாரம் பற்றாமல் போனால் தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குவதே முறை. இங்கே அதற்கும் அவசியம் வரவில்லை.

தலைகாட்டாத நோய் போயிற்று. பாதியில் நிற்கும் நோய்? அது போகவில்லை. இந்த முறை போன் வரும் வரை நான் காத்திருக்கவில்லை. 40 ஜி.பி. வீடியோவை அங்கேயே நகலெடுத்தேன். ஆறாவது ஜி.பி.யில் நின்றது.

நின்ற விதத்தில்தான் துப்பு. "அரை நிமிஷம் அப்படியே நிக்கும் தம்பி, அப்புறம் ஒண்ணு ஓடும், இல்லேன்னா டிஸ்க்கே காணாமப் போயிடும்" என்று அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. லினக்ஸ் ஒரு டிஸ்க்குக்குக் கட்டளை கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், நாம் மாற்றாத வரை, 30 நொடி. அவர் சொன்ன அரை நிமிடம் உத்தேசம் அல்ல, துல்லியமான அளவு. பதிவேட்டில் யு.ஏ.எஸ். என்று தொடங்கும் வரிகள் சரமாகக் கொட்டின: கட்டளையைக் கைவிடுகிறேன், சாதனத்தை ரீசெட் செய்கிறேன், சூப்பர்ஸ்பீட் சாதனம் ரீசெட் ஆனது. ஒரு -71 கூட இல்லை. இது வேறு நோய்.

யு.ஏ.எஸ். என்பது யு.எஸ்.பி. டிஸ்க்கோடு பேசும் புது முறை. பழைய முறை, சின்ன ஓட்டலில் சப்ளையர் ஒரு தோசைக்குச் சொல்லிவிட்டு, அது வரும் வரை அடுப்படி வாசலிலேயே நின்று, வாங்கிவந்து வைத்துவிட்டு, அடுத்ததற்குப் போவது. புது முறையில் எண் போட்ட பத்துச் சீட்டுகளை ஒரே நேரத்தில் உள்ளே கொடுத்துவிடுவார். எது முதலில் ஆகிறதோ அது அந்த எண்ணோடு வெளியே வரும். வேகம்தான். ஆனால் மாஸ்டர் சீட்டைத் தொலைக்காதவராக இருக்க வேண்டும். மலிவுக் கேஸ்களில் உள்ள சில சில்லுகள், வேலை குவிந்தால் சீட்டைத் தொலைத்துவிடும். கெர்னல் 30 நொடி பார்க்கும், பிறகு அடுப்பையே அணைத்துப் பற்றவைக்கும். அதுதான் ரீசெட்.

இது லினக்ஸ்காரர்களுக்குப் புதிது அல்ல. 2014-இல் வந்த 3.15 கெர்னலில்தான் யு.ஏ.எஸ். ஒழுங்காகப் பயன்படுத்தும் நிலைக்கு வந்தது. அதில் பெரும் உழைப்பு ஹான்ஸ் டி கூடே என்பவருடையது. இந்த முறையில் ஒழுங்காகப் பேசத் தெரியாத சாதனங்களுக்கென்றே கெர்னல் மூலநிரலில் தனிப் பட்டியல் உண்டு. அண்ணன் வாங்கிய கேஸின் சில்லு அதில் இல்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் லேப்டாப்பில் ஏன் தகராறு வரவில்லை என்பதும் இங்கே தெளிவானது. அது விண்டோஸ் 7. புது முறையை விண்டோஸ் தானாகவே பேசத் தொடங்கியது 8-இல் இருந்துதான். பையனின் லேப்டாப் நிதானமாக, ஒவ்வொரு தோசையாக, யு.எஸ்.பி. 2.0 வேகத்தில் வாங்கிக்கொண்டிருந்தது. "அப்போ அது பழசா இருக்கிறதாலதான் நல்லா ஓடுதா?" என்று அண்ணன் கேட்டார். ஆமாம் என்று சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது.

டிஸ்க்கே பழுதாக இருந்தாலும் இப்படி நிற்கலாம். அதனால் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் அதன் உடல்நிலையைக் கேட்டேன். யு.எஸ்.பி. கேஸ் வழியாகக் கேட்கும்போது பெரும்பாலும் 'சாட்' வகை என்று சேர்த்துச் சொன்னால்தான் பதில் வரும். பார்க்க வேண்டிய வரிகள் 5, 197, 199. மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் பூஜ்யம், படிக்கத் திணறும் செக்டர்கள் பூஜ்யம். 199, அதாவது டிஸ்க்குக்கும் கேஸ் சில்லுக்கும் இடையே சிதைந்து போன பேச்சின் எண்ணிக்கை, 14. மீண்டும் 40 ஜி.பி. நகலெடுத்து, வழக்கம்போல அது நின்ற பிறகு பார்த்தேன். அதே 14. பழைய காயம், இன்றையது அல்ல. டிஸ்க் நல்ல டிஸ்க்.

மருந்து ஒரு வரி. கெர்னலிடம், இந்தச் சாதனத்தோடு பழைய முறையில் மட்டும் பேசு என்று சொல்ல வேண்டும். எல்.எஸ்.யு.எஸ்.பி. காட்டும் வரியில் நான்கு நான்கு எழுத்தாக இரண்டு அடையாள எண்கள் இருக்கும், இடையில் ஒரு முக்காற்புள்ளி. முதலாவது தயாரிப்பாளர், இரண்டாவது சாதனம். பழைய முறையைப் பேசும் கெர்னல் பகுதியான யு.எஸ்.பி.-ஸ்டோரேஜ் மாட்யூலின் குவிர்க்ஸ் என்ற அமைப்பில் இந்த இரண்டையும் எழுதி, இன்னொரு முக்காற்புள்ளி வைத்து, 'யு' என்ற ஒற்றைச் சின்ன எழுத்தைப் போட்டால் முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே, சிஸ் கோப்பகத்தில் அந்த மாட்யூலின் அமைப்புக் கோப்பில் எழுதி, டிஸ்க்கைப் பிடுங்கிச் செருகிச் சோதிக்கலாம். தவறானால் ரீபூட்டில் அழிந்துவிடும். நான் அப்படித்தான் முதலில் செய்தேன். செருகியதும் பதிவேடு, இந்தச் சாதனத்துக்கு யு.ஏ.எஸ். தவிர்க்கப்பட்டது, யு.எஸ்.பி.-ஸ்டோரேஜ் பயன்படுகிறது என்றது. 40 ஜி.பி. நிற்காமல் ஓடியது.

பிறகுதான் அதை, மாட்யூல் அமைப்புகளுக்கான மோட்ப்ரோப் கோப்பகத்தில் ஒரு கோப்பாக எழுதி, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் சின்னத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பித்து, ரீபூட் செய்தேன். புதுப்பிக்க மறந்தால், கணினி தொடங்கும்போது செருகியிருக்கும் டிஸ்க்குக்கு இந்த உத்தரவு எட்டாமல் போகலாம். வேகம் குறைந்ததா என்றால், கையில் இருப்பது சுழலும் டிஸ்க். நொடிக்கு 100 எம்.பி. சொச்சம்தான் அதன் சக்தியே. பழைய முறையிலும் அதே அளவு வந்தது. எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால் நஷ்டம் தெரிந்திருக்கும். அப்போது கேஸை மாற்றச் சொல்லியிருப்பேன்.

இனி என் குற்றம். இந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை, டிஸ்க் செருகாதபோது கணினியே டெஸ்க்டாப்புக்கு வராமல் கறுப்புத் திரையில் அவசர நிலை என்று நின்றதாக அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார். தொடங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்தேன். என் கையெழுத்துதான். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எஸ்.டி.பி.1 என்று பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறேன். அந்தப் பெயர் நிரந்தரமானது அல்ல. கண்டுபிடித்த வரிசையில் கெர்னல் கொடுப்பது. பாதியில் அறுந்து மறுபடி வரும் டிஸ்க்குக்கு, பழைய பெயர் இன்னும் மவுண்டில் மாட்டிக்கொண்டிருப்பதால், எஸ்.டி.சி. என்று புதுப்பெயர் கிடைக்கும். எஃப்எஸ்டேப் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். டிஸ்க்கே இல்லாவிட்டால், கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலான சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்துவிட்டு, அடிப்படையே சரியில்லை என்று அவசர நிலைக்குப் போய்விடும். பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பிரிவுக்கே உரிய மாறாத அடையாளமான யுயுஐடி எண்ணைப் போட்டேன். கூடவே, இல்லாவிட்டால் பரவாயில்லை என்று பொருள்படும் 'நோஃபெயில்', காத்திருக்க 10 நொடி. இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது. அண்ணனிடம் சொன்னேன். "சரி விடுங்க, டீக்காசு நீங்க குடுங்க" என்றார்.

கடைசியில் எஞ்சியது ஒரு சின்னச் சிக்கல். டிஸ்க் மவுண்ட் ஆனது, ஆனால் எழுத விடவில்லை, படிக்க மட்டும்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே பலமுறை அறுந்துபோனதால், என்.டி.எஃப்.எஸ். தன்னை 'ஒழுங்காக மூடப்படவில்லை' என்று குறித்துவைத்திருந்தது. நகல் பத்திரமாக இருந்ததால் இப்போது பயமில்லை. பையனின் லேப்டாப்பில் செருகி, விண்டோஸின் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டி, முறையாக வெளியேற்றி எடுத்து வந்தோம். சரியாயிற்று.

சோதனை: 20 முறை செருகி எடுத்தேன், 20-உம் வந்தது. ராத்திரி முழுக்க 300 ஜி.பி. நகல் ஓடவிட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற எஸ்.எச்.ஏ. 256 கூட்டுத்தொகை ஒப்பிட்டேன். ஒரு கோப்பும் மாறவில்லை. புதுக் கெர்னலிலேயே, நான் முதலில் பழி போட்ட அதே கெர்னலிலேயே.

ஒரு பக்கவிளைவு வந்தது. டிஸ்க்கைப் பின்பக்கம் மாற்றியதும் பக்கத்திலேயே செருகியிருந்த வைஃபை டாங்கிள் தவழத் தொடங்கியது. யு.எஸ்.பி. 3.0 கம்பிகளில் ஓடும் சமிக்ஞை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இரைச்சலாக இருக்கும் என்பதை இன்டெல் 2012-லேயே அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை முன்பக்கப் போர்ட்டுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

போன வாரம் வேறு வேலையாக ஸ்டுடியோவுக்குப் போனேன். பின்பக்கப் போர்ட்டுக்கு மேல் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் 'டிஸ்க் இங்கே மட்டும்' என்று எழுதியிருந்தார். பழைய ஒரு மீட்டர் கேபிளை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். அண்ணன் பேசாமல் மேலே கையைக் காட்டினார். ரிஃப்ளெக்டர் குடையை ஆணியோடு சேர்த்துக் கட்டியிருந்தது அந்தக் கேபிள்தான்.